சொல்லின் பூர்வீகம் – 17: ஓட்டுக் கேட்டு வந்த சொல்

போன வாரம் ‘ஸ்கோப்’. வில்லாளி குறிவைக்கும் இலக்கைச் சொன்ன கிரேக்கச் சொல், இத்தாலி வழியாக இங்கிலீஷுக்குள் நுழைந்து, ‘பி.காம். படிச்சா ஸ்கோப் இருக்கா?’ என்று நம் வீட்டுக் கூடம்வரை வந்த கதை. மறந்தவர்கள் பழைய இதழைப் புரட்டிக்கொள்ளுங்கள்.

இந்த வாரம் ‘விட்த்’, ‘பிரெட்த்’ இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று எழுதுவதாக வாக்குக் கொடுத்திருந்தேன். எழுதத்தான் உட்கார்ந்தேன். குறுக்கே ‘ஆம்பிட்’ வந்து நின்றுவிட்டது. கட்டுரை எங்கே என்று ஆசிரியர் குழுவிலிருந்து இரண்டு முறை போன் வந்தாயிற்று. ‘ஆம்பிட்’ நகர்வதாக இல்லை.

சந்தையிலோ பஸ்ஸிலோ யாரும் சொல்லிக் கேட்டிருக்க மாட்டீர்கள். கறுப்புக் கோட்டு மாட்டிய சொல் அது. இன்ன விவகாரம் இன்ன பிரிவின் ஆம்பிட்டுக்குள் வருமா, வராதா என்று தீர்ப்புகளில் பக்கம் பக்கமாக அலசுவார்கள். வரம்பு, எல்லை என்று நாம் புரிந்துகொண்டு நகர்ந்துவிடுவோம். லத்தீனில் ‘ஆம்பி’ என்றால் சுற்றி. ‘ஈரே’ என்றால் போவது. சேர்த்தால், சுற்றிப் போவது. அதிலிருந்து ‘ஆம்பிட்டுஸ்’: சுற்று, சுற்றளவு. இதோடு நிறுத்தியிருந்தால் நானும் ‘பிரெட்த்’துக்குப் போயிருப்பேன். ஆனால் ரோமில் சுற்றிச் சுற்றிப் போனது யார்?

வேட்பாளர்.

குடியரசுக் கால ரோமில் பதவிக்கு நிற்கிறவர் ஊர்ப் பொதுத் திடலுக்கு இறங்கி வந்து, ஆள் ஆளாகக் கையைப் பிடித்து ஓட்டுக் கேட்க வேண்டும். கூட்டத்தில் தனியாகத் தெரிவதற்காக, போட்டிருக்கும் அங்கியில் சீமைச் சுண்ணாம்பைத் தேய்த்து இன்னும் வெளுப்பாக்கிக்கொள்வார். பளீர் வெள்ளைக்கு லத்தீனில் ‘காண்டிடுஸ்’. ‘கேண்டிடேட்’ பிறந்தது அங்கேதான். நம்மூர் வெள்ளை வேட்டிக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனாலும் படித்தபோது சிரிப்பை அடக்க முடியவில்லை. பக்கத்திலேயே ஓர் அடிமை நடந்து வருவான். எதிரே வருகிறவரின் பெயரை எஜமானின் காதோடு சொல்வது அவன் வேலை. பெயர் சொல்லி நலம் விசாரித்தால் ஓட்டு விழும் என்பது இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பே தெரிந்த வித்தை.

இப்படி வலம் வருவதற்கு ‘ஆம்பிட்டியோ’ என்று பெயர். ‘ஆம்பிஷன்’ அதன் பிள்ளை. உடன்பிறப்பான ‘ஆம்பிட்டுஸ்’ தான் கெட்டுப்போனது. கும்பிடு போட்டுச் சுற்றியது போய், காசு கொடுத்துச் சுற்ற ஆரம்பித்தார்கள். கடைசியில் ஓட்டுக்கு லஞ்சம் கொடுக்கும் குற்றத்துக்கே அது சட்டப் பெயராகிவிட்டது. பணத்தைப் பிரித்துக் கொடுக்கத் தனி ஆட்கள் இருந்தார்கள். பேசிய தொகையைத் தேர்தல் முடியும்வரை பத்திரமாக வைத்திருக்க நடுவில் வேறு ஆட்கள். டோக்கன் முறை நம்முடைய கண்டுபிடிப்பு என்று இறுமாந்திருந்தவர்கள் மன்னிக்கவும்.

சட்டம் போடாமலும் இல்லை. சந்தைகளிலும் ஊர்க்கூட்டங்களிலும் சுற்றி ஓட்டுக் கேட்கக் கூடாது என்று கி.மு. 358-லேயே ஒன்று வந்தது. அதன்பின் ஒன்றன்மேல் ஒன்றாக வந்துகொண்டே இருந்தன. ஒரே நோய்க்கு இத்தனை மருந்து எழுதிக் கொடுத்தால் நோய் தீரவில்லை என்றுதானே அர்த்தம்? கி.மு. 63-ல் கான்சலாக, அதாவது ரோமின் இரண்டு உச்சப் பதவியாளர்களில் ஒருவராக, இருந்த சிசரோ கொண்டுவந்த சட்டம் இன்னும் கடுமை. குற்றம் நிரூபணமானால் 10 ஆண்டு நாடு கடத்தல்.

அதே ஆண்டின் கடைசியில், அடுத்த ஆண்டுக்குக் கான்சலாகத் தேர்வான மூரேனா மேல் ஆம்பிட்டுஸ் வழக்கு. தொடுத்தவர் அவரிடம் தோற்ற சுல்பிகியுஸ்; துணைக்கு, நேர்மைக்குப் பேர்போன கேட்டோ. மூரேனாவுக்காக வாதாட எழுந்தவர்களில் ஒருவர் யார் தெரியுமா? சட்டம் கொண்டுவந்த சிசரோவேதான். கலகக்காரன் கேட்டிலைன் படை திரட்டிக்கொண்டு வெளியே நிற்கிறான், புத்தாண்டு பிறக்கும்போது ரோமுக்கு இரண்டு கான்சல்களும் வேண்டாமா என்பது வாதம். நடுநடுவே கேட்டோவின் தத்துவப் பிடிவாதத்தையும் நையாண்டி செய்து நீதிமன்றத்தையே சிரிக்கவைத்தார். நமக்கு வாய்த்த கான்சல் எவ்வளவு வேடிக்கையான மனிதர் என்று கேட்டோவே சொன்னதாக ப்ளூட்டார்க் எழுதுகிறார். மூரேனா விடுதலை. சிசரோவின் பேச்சு இன்றும் லத்தீன் மாணவர்களுக்குப் பாடம். சட்டம் என்ன ஆயிற்று என்று கேட்காதீர்கள்.

இங்கிலீஷ் இந்தக் கறையையெல்லாம் கழுவிவிட்டு, சுற்றளவு என்ற பொருளை மட்டும் எடுத்துக்கொண்டது. ஆகவே, தேர்தல் லஞ்ச வழக்கு ஒன்றில் ‘இது சட்டத்தின் ஆம்பிட்டுக்குள் வருகிறது’ என்று ஒரு நீதிபதி எழுதினால், குற்றம், வரம்பு இரண்டுக்கும் ஒரே பெயரைத்தான் எழுதுகிறார். அவருக்குத் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. எனக்கு மட்டும் இந்த வாரம் முழுக்கத் தூக்கம் போயிற்று.

எல்லையைச் சொல்லும் இன்னொரு சொல்லான ‘ரேஞ்ச்’ பற்றியும் இரண்டு வார்த்தை. வரிசை என்ற பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. ‘ரேங்க்’கும் அதற்கு ஒன்றுவிட்ட சகோதரன். வரிசையில் நின்றது பிறகு காடு மேடெல்லாம் அலையத் தொடங்கியதில் ரேஞ்சர் பிறந்தார். ‘அவர் ரேஞ்சே வேற’ என்கிற நம் பிரயோகம் அந்தப் பழைய வரிசைக்கு மிகப் பக்கத்தில் நிற்கிறது.

வாக்குக் கொடுத்ததற்கு அடையாளமாக இவ்வளவு சொல்லி வைக்கிறேன். கதவுக்கு ‘விட்த்’, படிப்புக்கு ‘பிரெட்த்’: டேப் வைத்து அளப்பதற்கு முன்னது, அளக்க முடியாததற்குப் பின்னது என்பார்கள் இலக்கண வாத்தியார்கள். நல்ல விதிதான். ஆனால் மயிரிழையில் தப்பினான் என்பதற்கு இங்கிலீஷ்காரர் சொல்வதில் வருவது ‘பிரெட்த்’. ஒரு முடியின் அகலத்தை அளக்க முடியாதா என்ன? வாத்தியார்களை அடுத்த வாரம் கேட்போம். இடையில் சிசரோ வராமல் இருந்தால்.

(தொடரும்)