பணத்தால் தீராத கணக்கு

சிங்கப்பூரில் ஒருவர் தமது 18ஆவது வயதில் கார் அல்லது மோட்டார் சைக்கிள் ஓட்டுவதற்கான உரிமத்தைப் பெறலாம். உரிமம் கைக்கு வந்ததும் காரின் முன்கண்ணாடியிலும் பின்கண்ணாடியிலும் ஓர் அட்டையை ஒட்ட வேண்டும். வெள்ளைப் பின்னணியில் ஆரஞ்சு நிற முக்கோணம் கொண்ட அட்டை அது. வண்டியை ஓட்டுபவர் புதியவர் என்பதை அது மற்றவர்களுக்கு அறிவிக்கிறது. ஓராண்டு முழுவதும், அவர் வண்டி ஓட்டும்போதெல்லாம் அந்த அட்டை இருக்க வேண்டும். இந்த ஓராண்டையே தகுதிகாண் காலம் என்கிறார்கள். பின்னால் வருபவர்கள் சற்றுப் பொறுமையாக இருக்க வேண்டும் என்பதற்கான அடையாளமாகவே பலர் அதைக் கருதுகிறார்கள். சட்டம் அந்த ஓட்டுநரை வேறோர் அளவுகோலால் அளக்கிறது என்பதற்கும் அதுவே அடையாளம் என்பதை அறிந்தவர்கள் குறைவு.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். 19 வயது இளைஞர் ஒருவர் தம் தந்தையின் காரை ஓட்டுகிறார். அந்தச் சாலையின் வேக வரம்பு மணிக்கு 50 கிலோமீட்டர். அவரோ 70 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறார். நேரம் இரவு பத்து மணி. சாலையில் அதிக வண்டிகள் இல்லை. சில நாள்களில் வீட்டுக்கு அறிவிப்பு வருகிறது. 200 வெள்ளி அபராதம் கட்ட வேண்டும். தந்தை கடிந்துகொள்கிறார். இளைஞர் தம் பகுதிநேர வேலைச் சம்பளத்திலிருந்து அந்தப் பணத்தைக் கட்டிவிடுகிறார். அத்துடன் கணக்குத் தீர்ந்தது என்று வீட்டில் எல்லாரும் நினைக்கிறார்கள்.

கணக்குத் தீரவில்லை. அபராதத் தொகையோடு 6 தண்டனைப் புள்ளிகளும் இளைஞரின் பெயரில் பதிவாகியுள்ளன. பணத்தைத் தந்தையும் கட்டலாம், தாத்தாவும் கட்டலாம். புள்ளிகளோ வண்டியை ஓட்டியவரின் பெயரிலேயே நிற்கும்.

போக்குவரத்துக் காவல்துறை நெடுங்காலமாகப் பின்பற்றிவரும் முறை இது. சாலை விதியை மீறும் ஓட்டுநருக்கு, அவர் செய்த குற்றத்தின் தன்மைக்கேற்பப் புள்ளிகள் விதிக்கப்படுகின்றன. அனுபவமுள்ள ஓட்டுநர் ஒருவர் 24 மாதங்களுக்குள் 24 புள்ளிகளைப் பெற்றால், அவரது உரிமம் 12 வாரங்களுக்கு இடைநிறுத்தப்படலாம். தகுதிகாண் காலத்தில் இருக்கும் புதிய ஓட்டுநருக்கு எல்லைக்கோடு மிக அருகில் இருக்கிறது. அந்த ஓராண்டுக்குள் 13 புள்ளிகள் சேர்ந்துவிட்டாலே அவரது உரிமம் ரத்து செய்யப்படும்.

இங்கே இரண்டு சொற்களைக் கவனிக்க வேண்டும். இடைநிறுத்தம் என்பது வேறு, ரத்து என்பது வேறு. 12 வாரத்துக்கு உரிமம் இடைநிறுத்தப்பட்டவர், அந்தக் காலம் முடிந்ததும் மீண்டும் வண்டி ஓட்டலாம். உரிமம் ரத்தானவருக்குத் திரும்பிப் பெறுவதற்கு எதுவும் இல்லை. அவர் தேர்வே எழுதாதவரைப் போன்ற நிலைக்குத் தள்ளப்படுகிறார்.

2026ஆம் ஆண்டு ஜனவரி 1ஆம் தேதி முதல் வேக மீறலுக்கான அபராதமும் புள்ளிகளும் உயர்த்தப்பட்டன. வரம்பை 1 முதல் 20 கிலோமீட்டர் வரை மீறுவதே பட்டியலில் மிகக் குறைந்த பிரிவு. அதற்கு முன்பு 150 வெள்ளியும் 4 புள்ளிகளும் விதிக்கப்பட்டன. இப்போது 200 வெள்ளியும் 6 புள்ளிகளும் விதிக்கப்படுகின்றன. வெள்ளிக் கணக்கில் வேறுபாடு ஐம்பதுதான். புள்ளிக் கணக்கைப் பாருங்கள். முன்பு இத்தகைய மீறலை மூன்று முறை செய்தவருக்கு 12 புள்ளிகள் சேரும். அவர் மயிரிழையில் தப்பிப்பார். இப்போது இரண்டு முறையிலேயே 12 ஆகிவிடுகிறது. மூன்றாவது முறை 18. மூன்றும் பட்டியலின் மிகக் குறைந்த பிரிவைச் சேர்ந்தவைதான். ஆனாலும் உரிமம் போய்விடும். சிவப்பு விளக்கை மீறிச் சென்றால் ஒரே முறையில் 12 புள்ளிகள். அதன் பிறகு எஞ்சிய மாதங்களில் ஒரே ஒரு வேக மீறல் போதும்.

அனுபவமில்லாதவரிடம் சட்டம் இன்னும் கனிவாக அல்லவா நடந்துகொள்ள வேண்டும் என்று சிலர் கேட்கலாம். கேள்வியில் நியாயம் இருப்பதுபோல் தோன்றும். ஆனால், சாலை அப்படிப்பட்ட இடம் அல்ல. பல ஆண்டுகள் ஓட்டியவர், பேருந்து நிறுத்தத்தில் நிற்கும் பேருந்தைக் கண்டதுமே அதன் முன்புறமிருந்து யாரேனும் குறுக்கே ஓடி வரக்கூடும் என எதிர்பார்ப்பார். அவரது கால் தானாகவே பிரேக்கை நாடும். புதியவருக்குப் பேருந்து மட்டுமே தெரியும். அதன் பின்னால் மறைந்திருக்கும் ஆபத்தை ஊகிக்கும் பழக்கம் அவருக்கு இன்னும் வரவில்லை. அந்தக் குறையை ஈடுகட்ட அவரிடம் உள்ள ஒரே வழி, குறைந்த வேகத்தில் சென்று தமக்குக் கூடுதல் நேரத்தைத் தேடிக்கொள்வதுதான். வேகமாகச் செல்லும் புதிய ஓட்டுநர் அந்த வழியையும் தாமே அடைத்துவிடுகிறார்.

மீண்டும் அந்த 50, 70 கணக்குக்கு வருவோம். இருபது கிலோமீட்டர் என்பது சிறிய வேறுபாடுபோல் தெரிகிறது. அறிவியல் பாடத்தில் படிக்கும் இயக்க ஆற்றலை நினைவுகூர்ந்தால் உண்மை விளங்கும். இயக்க ஆற்றல், வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்து உயர்கிறது. எனவே, வேகம் 50லிருந்து 70க்கு உயரும்போது வண்டியின் இயக்க ஆற்றல் ஏறக்குறைய இரு மடங்காகிறது.

இரண்டு கார்கள் அருகருகே வருகின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒன்று 50 கிலோமீட்டர் வேகத்திலும் மற்றது 70 கிலோமீட்டர் வேகத்திலும் செல்கின்றன. ஒரு சிறுவன் பந்தைத் துரத்திக்கொண்டு சாலைக்குள் ஓடி வருகிறான். இரு ஓட்டுநர்களும் அவனை ஒரே கணத்தில் பார்க்கிறார்கள். இருவருக்கும் பிரேக்கை மிதிக்க ஒரு வினாடி ஆகிறது. அந்த ஒரு வினாடிக்குள் முதல் கார் சுமார் 14 மீட்டரும் இரண்டாவது கார் சுமார் 19 மீட்டரும் முன்னே சென்றுவிடும். காய்ந்த சாலையில், நல்ல பிரேக் உள்ள முதல் கார் மொத்தம் 28 மீட்டர் அளவில் நின்றுவிடும். இரண்டாவது கார் நிற்பதற்கு ஏறத்தாழ 46 மீட்டர் தேவைப்படும். முதல் கார் நின்ற அதே இடத்தை இரண்டாவது கார் கடக்கும்போது, அது இன்னும் மணிக்கு 50 கிலோமீட்டருக்கும் அதிகமான வேகத்தில் சென்றுகொண்டிருக்கும். மழை பெய்து சாலை ஈரமாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம். சட்டத்தின் பட்டியலில் மிகக் குறைந்த பிரிவில் உள்ள மீறலின் விளைவு இது.

இவ்வளவு ஆபத்தை விலையாகக் கொடுத்து வாங்குவது எவ்வளவு நேரம்? வேக வரம்பு 90 கிலோமீட்டர் உள்ள விரைவுச்சாலையில் 10 கிலோமீட்டர் தூரத்தைக் கடக்க 6 நிமிடம் 40 வினாடி ஆகும். 110 கிலோமீட்டர் வேகத்தில் சென்றால் 5 நிமிடம் 27 வினாடி ஆகும். மிச்சமாவது 73 வினாடி. விரைவுச்சாலையை விட்டு இறங்கியதும் முதல் சிவப்பு விளக்கிலேயே அந்த மிச்சம் கரைந்துவிடும்.

கேமரா இருக்கும் இடத்தில் மட்டும் வேகத்தைக் குறைத்தால் போதும் என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். இது பழைய தந்திரம். 2018ஆம் ஆண்டு டிசம்பரில் தானா மேரா கோஸ்ட் சாலையில் சராசரி வேகக் கேமராக்கள் செயல்படத் தொடங்கின. வண்டி ஓரிடத்தில் நுழையும் நேரத்தையும் வேறோரிடத்தில் வெளியேறும் நேரத்தையும் அவை பதிவு செய்கின்றன. தூரத்தை நேரத்தால் வகுத்தால் சராசரி வேகம் தெரிந்துவிடும். கேமராவின் முன்னால் மட்டும் மெதுவாகச் செல்வதால் பயன் இல்லை. 2024ஆம் ஆண்டு ஏப்ரல் முதல், சாலைச் சந்திப்புகளில் சிவப்பு விளக்கை மீறுவோரைப் படம்பிடிக்கும் கேமராக்களும் படிப்படியாக வேகத்தையும் கண்டறியத் தொடங்கின.

கேமரா வண்டியின் எண்ணைத்தான் படம்பிடிக்கிறது. அதனால் அறிவிப்பு முதலில் வண்டியின் உரிமையாளருக்கே செல்கிறது. அந்த நேரத்தில் வண்டியை ஓட்டியவர் யார் என்று உரிமையாளர் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காவிட்டால், அவரே வண்டியை ஓட்டியதாகக் கருதப்படுவார். சில குடும்பங்கள் தடுமாறும் இடம் இதுதான். மகனுக்கு ஏற்கெனவே 12 புள்ளிகள் இருக்கின்றன. தந்தைக்கு ஒரு புள்ளிகூட இல்லை. இம்முறை ஓட்டியது தாம்தான் என்று தந்தை எழுதிக் கொடுத்துவிட்டால் மகனின் உரிமம் தப்பிவிடும் அல்லவா? தந்தைக்கு ஆறு புள்ளிகள் பெரிய சுமையாகவும் தோன்றாது.

பாசத்தால் எழும் யோசனைதான். ஆனால், சட்டத்தின் பார்வையில் அது முற்றிலும் புதிய குற்றம். ஓட்டுநர் யார் என்பது பற்றிப் பொய்யான தகவல் அளிப்பவருக்கு 10,000 வெள்ளி வரை அபராதமோ 12 மாதங்கள் வரை சிறைத்தண்டனையோ இரண்டுமோ விதிக்கப்படலாம். வேக மீறலை அபராதம் கட்டி முடித்துக்கொள்ளலாம். பொய்த் தகவல் நீதிமன்றம் வரை இழுத்துச் செல்லும். மகனின் புள்ளிகளைத் தம் தோளில் சுமக்க நினைத்த தந்தை, வேலையையும் நற்பெயரையும் பணயம் வைக்கிறார். மகனும் அந்தப் பொய்க்கு உடந்தை ஆகிறார். இப்படிப்பட்ட உதவியைத் தந்தையிடம் கேட்காமல் இருப்பதே மகன் அவருக்குச் செய்யக்கூடிய உதவி.

வேகம் மிக அதிகமாக இருந்தால் அபராதம் கட்டி முடித்துக்கொள்ளும் வாய்ப்பே கிடைக்காது. வரம்பை 40 கிலோமீட்டருக்கு மேல் மீறியவர் நீதிமன்றத்தில் நிற்க வேண்டியிருக்கும். முதன்முறை வேக வரம்பை மீறியவருக்கு 1,000 வெள்ளி வரை அபராதமோ 3 மாதங்கள் வரை சிறைத்தண்டனையோ விதிக்கச் சட்டம் இடமளிக்கிறது. மீண்டும் அதே குற்றத்தைச் செய்பவருக்கு இவை இரட்டிப்பாகும். வண்டி ஓட்டுவதற்குத் தடை விதிக்கவும் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. 18 வயதைக் கடந்தவர் இளையர் நீதிமன்றத்துக்குச் செல்வதில்லை. பெரியவர்களுக்கான நீதிமன்றத்தில்தான் பதில் சொல்ல வேண்டும். ஆபத்தான முறையில் வண்டி ஓட்டி ஒருவரது உயிரைப் பறித்தவருக்கு, அது முதல் குற்றமாக இருந்தாலும், 8 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை விதிக்கப்படலாம். அத்தகைய விபத்துக்குப் பின், வழக்கு முடியும் வரை காத்திராமல் அந்த ஓட்டுநரின் உரிமத்தை உடனடியாக இடைநிறுத்தவும் காவல்துறையால் முடியும்.

உரிமத்தை இழந்த பிறகு, யாருக்கும் தெரியாமல் அருகிலுள்ள கடைவரை ஓட்டிச் சென்று வரலாம் என்ற எண்ணம் தோன்றக்கூடும். அப்படிச் செய்பவர் உரிமமின்றி வண்டி ஓட்டியவராகிறார். அதற்கு 10,000 வெள்ளி வரை அபராதமோ 3 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனையோ இரண்டுமோ விதிக்கப்படலாம். 18 வயதாகாத மாணவர் ஒருவர், பெற்றோர் உறங்கும் வேளையில் கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினாலும் இதே சட்டம்தான். வண்டியை ஓட்ட உரிமமில்லாதவருக்குத் தெரிந்தே அனுமதி கொடுத்த உரிமையாளரையும் சட்டம் விடுவதில்லை. வண்டிக்குக் காப்புறுதி இருக்கிறதே என்று ஆறுதல் கொள்ளவும் முடியாது. காப்புறுதி ஒப்பந்தங்கள் பொதுவாக உரிமம் உள்ளவர் ஓட்டுவதற்கே செல்லும். விபத்து நேர்ந்தால் பழுதுபார்க்கும் செலவு குடும்பத்தின் தலையில் விழும்.

இனி, மூன்று அறிவிப்புகளைப் பெற்று உரிமத்தை இழந்த ஓர் இளைஞரின் நிலையைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். அவர் கட்டிய அபராதம் மொத்தம் 600 வெள்ளி. மீண்டும் வண்டி ஓட்ட விரும்பினால் அடிப்படைக் கோட்பாட்டுத் தேர்விலிருந்து அவர் தொடங்க வேண்டும். அடுத்தது இறுதிக் கோட்பாட்டுத் தேர்வு. அதற்கும் அடுத்துச் செய்முறைத் தேர்வு. ஒவ்வொன்றுக்கும் கட்டணம் உண்டு. பயிற்சி வகுப்புகளுக்குத் தனிக் கட்டணம். தேர்வு நாள் கிடைப்பதற்கும் காத்திருக்க வேண்டும். சரக்கு வண்டியிலோ மோட்டார் சைக்கிளிலோ பொருள்களைக் கொண்டு சேர்ப்பதை வேலையாகக் கொண்டவராக இருந்தால், அத்தனை மாதங்களும் அந்த வருமானம் இல்லை. அபராதமாகக் கட்டிய 600 வெள்ளியைவிட இவையெல்லாம் சேர்ந்து பல மடங்காகிவிடும்.

எல்லாத் தேர்வுகளிலும் மீண்டும் தேறியதும், அதே ஆரஞ்சு முக்கோண அட்டையை அவர் கண்ணாடியில் ஒட்டுவார். ஓராண்டுத் தகுதிகாண் காலம் முதல் நாளிலிருந்து தொடங்கும்.