மிதக்கும் மாத்திரையை உடைக்காதீர்கள்

சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மின் மாத்திரை பெரிதாக இருக்கிறது, தொண்டையில் இறங்கவில்லை என்று பாதியாக உடைத்துப் போட்டுக்கொள்பவர்கள் பல வீடுகளில் உண்டு. சாதாரண மாத்திரை என்றால் பெரிய கெடுதல் இல்லை. அட்டையில் பெயரோடு எஸ்.ஆர்., ஈ.ஆர்., எக்ஸ்.ஆர். என்று இருந்தால், மருந்தாளுநரைக் கேட்காமல் உடைக்கவே கூடாது. பல மணி நேரத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக மருந்தை விட வேண்டிய மாத்திரை அது. அவற்றில் ஒரு வகை இரைப்பைக்குள் மிதந்துகொண்டே வேலை செய்கிறது.

மெட்ஃபார்மின், சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற மருந்துகளைச் சிறுகுடலின் மேல்பகுதிதான் நன்றாக உறிஞ்சும். மாத்திரை அந்த இடத்தைத் தாண்டிவிட்டால் மிச்சமுள்ள மருந்தில் பெரும்பங்கு வீண். அதனால்தான் மாத்திரையை இரைப்பையிலேயே நிறுத்திவைக்கப் பார்க்கிறார்கள். அதற்குக் கைகொடுப்பது நம் சமையல் சோடாவேதான்; சிலவற்றில் சிட்ரிக் அமிலமும் சேரும். இரைப்பை அமிலம் பட்டதும் சோடாவிலிருந்து கார்பன் டை ஆக்சைடு கிளம்புகிறது. ஹைப்ரோமெல்லோஸ் என்ற பசைப்பொருள் நீரை இழுத்துக் கொழகொழவென்று உப்பி, புளித்த இட்லி மாவைப் போல அந்தக் குமிழ்களைப் பிடித்துவைத்துக்கொள்கிறது. ஆய்வகத்தில் 37 டிகிரி சூட்டில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போட்டால் கண்ணாலேயே பார்க்கலாம்: மாத்திரை முதலில் அடியில் போய் உட்காரும், ஓரமெல்லாம் பொடிக்குமிழ் கட்டும், பிறகு அசைந்து எழும்பி மேலே வந்து நிற்கும்.

எல்லாம் சோடாவின் அளவில் இருக்கிறது. குறைந்தால் எழும்பத் தாமதமாகும். அதற்குள் இரைப்பை அதைக் குடலுக்குத் தள்ளிவிடலாம். கூடினால் வாயு பசையைத் துளைத்துக்கொண்டு வெளியேறும். அந்தத் துளைகளில் அமிலம் புகுந்து மருந்தை வேகமாகக் கரைக்கும். சில சமயம் மாத்திரையே பிளந்துபோகும். இவ்வளவு கணக்குப் பார்த்துச் செய்ததைத்தான் நாம் உரலில் போட்டு இடிக்கிறோம். நாள் முழுதுக்குமான மருந்து ஒரேயடியாக இறங்கும். மெட்ஃபார்மின் என்றால் குமட்டலும் வயிற்றுப்போக்கும் படுத்திவிடும்.

ஈரம் பட்டாலும் கேடுதான். சோடாவும் அமிலமும் சேர்ந்த மாத்திரை, காற்றிலுள்ள ஈரத்திலேயே வினைபுரியத் தொடங்கிவிடும். ஒரு வாரத்து மாத்திரைகளை மொத்தமாகப் பிரித்து டப்பாவில் போட்டுவைக்காதீர்கள். இன்னொன்று, வெறும் வயிற்றில் போடாதீர்கள். காலி வயிறு ஒன்றரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை தன்னைத் துடைத்துக் காலி செய்யும். மிதக்கும் மாத்திரையும் அதோடு போய்விடும். சாப்பாட்டோடு, ஒரு டம்ளர் தண்ணீர் விட்டு விழுங்குங்கள். உடனே படுக்காதீர்கள். அமிலத்தைக் குறைக்கும் ஓமெப்ரசோல் போன்ற மருந்து எடுப்பவர்கள் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். அமிலம் இல்லாவிட்டால் வாயு போதுமான அளவு கிளம்பாது. உப்பைக் குறைக்கச் சொல்லப்பட்ட இதய, சிறுநீரக நோயாளிகளும் அப்படியே. ஒரு மாத்திரையிலுள்ள சோடா கொஞ்சம்தான். ஆனால் 1 கிராம் சோடாவில் சுமார் 270 மில்லிகிராம் சோடியம் இருக்கிறது. தினமும் பல மாத்திரை போடுபவர்களுக்கு அது கணக்கில் வர வேண்டும்.

இதையெல்லாம் கடையிலேயே கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. மருந்தை எப்படி எடுக்க வேண்டும் என்று விளக்குவது மருந்தாளுநரின் கடமை என்கின்றன 2015ஆம் ஆண்டின் மருந்தாளுநர் தொழில்முறை ஒழுங்குமுறைகள். மருத்துவர் சீட்டு இருந்தால்தான் விற்கக்கூடிய 'அட்டவணை ஹெச்' மருந்து எழுதிய சீட்டுக்கு, 'அதே மருந்துதான்' என்று வேறொன்றைக் கொடுக்கவும் சட்டம் இடம் தரவில்லை. 500 மில்லிகிராம் என்ற எண் ஒன்றாக இருந்தாலும் சாதாரண மாத்திரையும் எஸ்.ஆர். மாத்திரையும் ஒன்றல்ல. நீடித்து மருந்து விடும் எந்த வடிவத்தையும் 2019ஆம் ஆண்டு மருந்து விதிகள் 'புதிய மருந்து' என்றே வகைப்படுத்துகின்றன. அதற்கு மத்திய அனுமதி வேண்டும்.

மாத்திரை போட்டபின் புதிதாகத் தொந்தரவு வந்தால் முதலில் மருத்துவரிடம் போங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். பிறகு 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் மருந்தின் பக்கவிளைவைப் பதிவு செய்யலாம். அதை நோயாளியே செய்யலாம். தரத்தில் சந்தேகம் என்றால், 1940ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டத்தின் 26ஆம் பிரிவு, வாங்கியவரே கட்டணம் செலுத்தி அரசுப் பகுப்பாய்வாளரிடம் சோதனைக்குக் கொடுக்க வழி செய்கிறது. கடைக்காரர் மீதான நுகர்வோர் புகாருக்கு 1915 என்ற எண்ணை அழையுங்கள். எதற்குப் போனாலும் பில்லும் பேட்ச் எண்ணும் கேட்பார்கள். கடையில் அட்டையை வெட்டிக் கொடுக்கும்போது எண்ணும் காலாவதித் தேதியும் உள்ள துண்டைக் கேட்டு வாங்குங்கள். அது கிடைக்காவிட்டால் அவற்றைப் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள்.