நூலும் ஒரு துணை

உடல் நோயுற்றால் மருத்துவரிடம் ஓடுகிறோம். உள்ளம் சோர்ந்தால் யாரிடம் போவது? பெரியவர்க்கே விடை கூற அரிய இக்கேள்வி, பதினான்கு வயது மாணவர்க்கு எத்துணைக் கடியது! 2015-16இல் நடந்த தேசிய மனநல ஆய்வு, 13 முதல் 17 வயதுடையோரில் நூற்றுக்கு ஏழு பேரளவில் மனநலக் குறைபாடு உண்டெனக் காட்டிற்று. நாற்பது பேர் அமரும் வகுப்பில் ஏறத்தாழ மூவர்!

இங்கே நூல்கள் கைகொடுக்கும். அமெரிக்கரான சாமுவேல் குரோதர்ஸ் 1916இல் இம்முறைக்குப் ‘பிப்ளியோதெரபி’ என்று பெயரிட்டார். ‘நூல்வழி மருத்துவம்’ என நாம் வழங்கலாம். இங்கிலாந்தில் 2016இல் இளைஞர்க்கென மனநல நூற்பட்டியல் ஒன்றை வெளியிட்டு, அந்நூல்கள் பொது நூலகங்களில் இரவலாகக் கிடைக்கச் செய்தனர்.

இது செயற்படும் முறையை மூன்று படிகளாகக் கூறுவர். கதைமாந்தரிடம் தன்னைக் காண்பது முதற்படி. அடக்கி வைத்த உணர்ச்சி வடிகால் பெறுவது இரண்டாம் படி. தன் நிலையைத் தெளிவது மூன்றாம் படி.

ஆன் பிராங்கின் நாட்குறிப்பை எடுத்துக்கொள்வோம். 1942 ஜூன் 12இல், பதின்மூன்றாம் பிறந்தநாளில், அவளுக்கு அந்த ஏடு கிடைத்தது. மனம் திறந்து பேச உண்மைத் தோழி இல்லாமையால் ஏட்டையே தோழியாக்கினாள். ஞாயிறுதோறும் இங்குள்ள தமிழ்ப் பிள்ளைகளுக்கு நான் கணக்குச் சொல்லித் தருகிறேன். தன் தனிமையைப் பற்றி வாய் திறவாத ஒரு மாணவி, “ஆனுக்கும் பிரண்டு இல்லையே, அண்ணா!” என்றாள். தன்னைப் பற்றிச் சொல்லக் கூசுவதைப் பிறர்மேல் ஏற்றிச் சொல்வது எளிதன்றோ?

ஆனால் நூலைத் திணித்தல் ஆகாது. படித்ததில் கேள்வி கேட்டு மதிப்பெண் இட்டால் அதுவும் பாடமாகிவிடும். பல நூல்களை முன்வைத்து, மாணவரே தேர்ந்தெடுக்க விடவேண்டும். பேச விரும்பினால் செவி கொடுக்க ஒருவர் அருகில் இருக்கவேண்டும். நம் பல்கலைக்கழக நூலகத்தில் 1945 முதல் 1947 வரை பணியாற்றிய சீர்காழி அரங்கநாதன், ஒவ்வொருவர்க்கும் உரிய நூலைச் சேர்ப்பதே நூலகத்தின் கடமை என 1931இலேயே விதி வகுத்தார்.

நூல் மருத்துவர்க்கு மாற்றன்று. உறக்கமும் உணவும் கெட்டு, வாழ்வே வேண்டாம் என்று ஒரு பிள்ளை சொன்னால், உடனே மருத்துவ உதவி நாடவேண்டும். 14416 என்னும் அரசின் ‘டெலி மானஸ்’ தொலைபேசி எண்ணிலும் ஆலோசனை பெறலாம்.

தேர்வு நெருங்கினால் நூலக நேரத்தைக் கணக்கிற்கும் அறிவியலுக்கும் எடுத்துக்கொள்ளும் பள்ளிகள் உண்டு. அறிவியல் மாணவனாகிய நான் சொல்கிறேன்: அந்த ஒரு மணி நேரத்தைப் பிள்ளைகளுக்கே விட்டுவிடுங்கள்!