'த்ரெட்' என்று மட்டும் எழுதினால் எந்தச் சரக்கு வரும்?

ஆங்கிலத்தில் 'த்ரெட்' என்றால் நூல். ஊசியில் நூல் கோப்பதற்கும் அதே சொல்தான். ஆனால் நமது கடைவீதியில் இச்சொல் கடைக்குக் கடை வேறு பொருள் தருகிறது. ஆர்டர் சீட்டில் வெறுமனே 'த்ரெட்' என்று எழுதினால் சரக்கு மாறி வர இடமுண்டு. அப்போது லாரி வாடகையும் திருப்பி அனுப்பும் செலவும் நம் தலையில்தான் விழும். எனவே இச்சொல்லின் பொருள்களை வரிசையாகப் பார்ப்போம்.

தையல் சாமான் கடையில்

இங்கு த்ரெட் என்பது தையல் நூல். இதில் எண்தான் குழப்பம் தருவது. 840 கெஜம் நீளமுள்ள சிட்டங்கள் எத்தனை சேர்ந்தால் 1 பவுண்டு எடை வருகிறதோ, அதுவே பருத்தி நூலின் கவுண்ட். எனவே எண் கூடக் கூட நூல் மெலியும். 'டெக்ஸ்' என்பது 1000 மீட்டர் நூலின் கிராம் எடை. இதில் எண் கூடினால் நூல் தடிக்கும். 40 என்று மட்டும் கேட்காமல், 40 கவுண்டா, 40 டெக்ஸா என்று தெளிவாகக் கேட்க வேண்டும்.

ஜவுளிக் கடையில்

பெட்ஷீட் உறையில் 'த்ரெட் கவுண்ட்' என்று அச்சிட்டிருப்பார்கள். இது நூலின் கவுண்ட் அல்ல. 1 சதுர அங்குலத் துணியில் உள்ள பாவு இழைகள், ஊடை இழைகள் ஆகியவற்றின் கூட்டுத்தொகை. இரண்டு புரி முறுக்கிய நூலை இரண்டாக எண்ணி 300-ஐ 600 என்று போடுவோரும் உண்டு. வாங்குமுன் எத்தனை புரி என்று கேட்பது நல்லது. இல்லாவிட்டால் வாடிக்கையாளருக்குப் பதில் சொல்ல வேண்டியவர் நாமே.

இரும்புக் கடையில்

இங்கு த்ரெட் என்பது மரை. 1841-இல் இங்கிலாந்தின் ஜோசப் விட்வொர்த் பொது அளவு ஒன்றை முன்வைக்கும்வரை, ஒரு பட்டறையின் போல்ட்டுக்கு மற்றொரு பட்டறையின் நட் சேராது. அவர் வகுத்த மரையின் கோணம் 55 டிகிரி. இன்றைய மெட்ரிக் மரைக்கு 60 டிகிரி.

3/8 அங்குல விட்வொர்த் போல்ட்டும் 10 மில்லி மீட்டர் போல்ட்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். ஒன்றின் நட்டை மற்றதில் வலிந்து முடுக்கினால் மரை கெடும். அரை அங்குலக் குழாய் மரையிலும் இதே தொல்லை. பி.எஸ்.பி., என்.பி.டி. இரண்டுக்கும் அங்குலத்துக்கு 14 மரைதான். ஆனால் கோணம் வேறு. இணைத்தால் ஒழுகும்.

அழகு நிலையத்தில் 'த்ரெடிங்' என்பது நூலால் புருவம் திருத்துவது. கம்ப்யூட்டர் துறையிலும் இச்சொல் உண்டு. அங்கு அது ஒரு புரோகிராமுக்குள் தனித்து ஓடும் வேலைத்தொடர்.

நாம் செய்ய வேண்டியது

நூலுக்கு வகை, கவுண்ட் அல்லது டெக்ஸ், புரி, கோனின் மீட்டர் அளவு. போல்ட்டுக்கு விட்டம், நீளம், மரை வகை என்று சீட்டில் முழுமையாக எழுதுவோம். பில்லிலும் கவனம் தேவை. 2017 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள ஜி.எஸ்.டி.யில் பருத்தித் தையல் நூலின் தலைப்பு எண் 5204. செயற்கை நூலில் தொடரிழைக்கு 5401, வெட்டிழைக்கு 5508. இரும்பு போல்ட், நட்டுக்கு 7318. சொல் ஒன்றானாலும் சரக்கு வேறு, எண்ணும் வேறு. சீட்டில் ஒரு வரி கூடுதலாக எழுதினால் வீண் செலவும் வீண் வாக்குவாதமும் மிச்சம்.