கூரையின் சூட்டைப் படிக்கும் கேமரா

2021 டிசம்பர் 17 அன்று நெல்லையில் ஒரு பள்ளியின் கழிவறைச் சுவர் இடிந்து விழுந்து மூன்று மாணவர்கள் உயிரிழந்தார்கள். அதன் பிறகு மாநிலம் முழுவதும் பள்ளிக் கட்டடங்களை ஆய்வு செய்து, பழுதானவற்றை இடிக்க அரசு உத்தரவிட்டது. வெளியே தெரியும் விரிசலைக் கண்டு ஒரு கட்டடத்தை மூடிவிடலாம். ஆனால் போன மாதம் வெள்ளையடித்த கூரையில், பூச்சுக்குள்ளே கம்பி துருப்பிடித்துக்கொண்டிருந்தால் அதை யார் பார்ப்பது? புள்ளலூரிலும் உத்திரமேரூர் பக்கத்துக் கிராமங்களிலும் இதைக் கேட்டாக வேண்டும். மகேந்திரவர்மன் புலிகேசியோடும், 1780-ல் ஹைதர் அலி கும்பினிப் படையோடும் மோதிய களமாகப் புள்ளலூரை வரலாறு அறியும். இன்று அங்கே பிள்ளைகள் படிப்பதும் குடும்பங்கள் உறங்குவதும், தமிழகத்தின் மற்ற கிராமங்களைப் போலவே, பெரும்பாலும் கான்கிரீட் தளத்தின் கீழ்தான். 2010-ல் வந்த கலைஞர் வீட்டு வசதித் திட்டம், 2011-ல் வந்த பசுமை வீடு திட்டம் ஆகியவற்றில் முதலில் எழுந்த கூரைகளுக்கே பத்து வயது தாண்டிவிட்டது. பழைய தொகுப்பு வீடுகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

தளம் கெடும் விதம் எல்லா ஊரிலும் ஒன்றுதான். மேலே தேங்கும் மழைநீர் மெல்ல இறங்கிக் கம்பியைத் தொடுகிறது. கம்பியை மூடியிருக்க வேண்டிய கான்கிரீட்டின் கனம், சாதாரணத் தளத்தில் 20 மில்லிமீட்டர் அளவுதான். அதிலும் கஞ்சத்தனம் செய்தால் கேட்கவே வேண்டாம். துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கிறது. அந்த அழுத்தத்தில் கீழ்ப்பக்கம் உப்பி, பிடிப்பு விட்டு, ஒருநாள் காரை பெயர்ந்து விழுகிறது. பிடிப்பு விட்டதற்கும் விழுவதற்கும் நடுவே நீண்ட காலம் ஓடக்கூடும். அந்த இடைவெளியில்தான் அகச்சிவப்புக் கேமரா நமக்கு உதவ முடியும்.

சிவப்பு ஒளிக்கு அப்பால் கண்ணுக்குத் தெரியாத வெப்பக் கதிர் உண்டென்று 1800-ல் வில்லியம் ஹெர்ஷல் கண்டறிந்தார். எல்லாப் பொருளும் தன் சூட்டுக்கேற்ப அதை வெளியிடுகிறது. கொரோனா காலத்தில் நெற்றிக்கு நேரே நீட்டிய கருவி ஓர் இடத்தின் சூட்டைச் சொன்னது. தெர்மல் கேமரா எனப்படும் அகச்சிவப்புக் கேமரா பல்லாயிரம் புள்ளிகளின் சூட்டை ஒரே படமாகத் தருகிறது. நல்ல கேமரா 0.05 டிகிரி வேறுபாட்டைக்கூடப் பிரித்துக் காட்டும். சுவரை ஊடுருவிப் பார்க்கும் என்று யாராவது விற்க வந்தால் நம்ப வேண்டாம். அது படிப்பது மேற்பரப்பின் சூட்டை மட்டுமே. உள்ளே இருக்கும் கோளாறு மேற்பரப்பின் சூட்டை மாற்றினால்தான் படத்தில் தெரியும். ஓதம் ஏறிய இடத்தில் நீர் ஆவியாவதால், மண்பானை குளிர்வதுபோல, அந்த இடம் குளிர்ந்து தெரியும். பிடிப்பு விட்ட பூச்சுக்கும் தளத்துக்கும் நடுவே காற்று நிற்கிறது. பிற்பகலில் மொட்டை மாடியின் சூடு கீழே இறங்கும்போது அந்தக் காற்று அதைத் தடுப்பதால், அந்தத் துண்டும் குளிர்ந்தே தெரியும்.

இது குளிர்நாட்டுக் கருவி, நம் வெயிலுக்கு ஒத்துவராது என்று சிலர் சொல்வதுண்டு. அங்கே வீட்டுக்குள் கணப்பு எரிய, வெளியே உறைபனி நிற்கும். அந்த வேறுபாட்டில் படம் எளிதில் கிடைக்கிறது. நம் வீடுகளில் உள்ளும் புறமும் ஏறக்குறைய ஒரே சூடு என்பது உண்மை. ஆனால் நமக்குக் கணப்பின் வேலையைச் சூரியனே செய்கிறது. வெயில் காய்ந்த நாளில், மாலை நான்கு மணிக்குக் கூரையின் அடிப்பக்கத்தைப் பார்த்தால் போதும். நாள் முழுக்க மேகம் மூடியிருந்தால் அதே கேமரா எதையும் சொல்லாமல் போகலாம். நேரம் தெரியாதவர் கையில் விலையுயர்ந்த கேமராவும் வீண் என்பேன்.

அனுபவமுள்ள கொத்தனார் தட்டிப் பார்த்தே சொல்லிவிடுவாரே என்ற மறுப்பு இதைவிடக் கனமானது. சொல்வார்தான். வெறுமையான சத்தத்தை அறியும் அந்தக் காதை நான் மதிக்கிறேன். ஆனால் ஒரு பள்ளியின் கூரை முழுவதையும் ஏணி போட்டு அடி அடியாகத் தட்ட யாருக்கும் நேரமில்லை. சந்தேகப்பட்ட மூலையை மட்டும் தட்டிவிட்டு இறங்குவதுதான் நடக்கும். கேமரா சில நிமிடங்களில் முழுக் கூரையையும் பார்த்து, எங்கே தட்ட வேண்டும் என்று காட்டிவிடும். அதற்கும் கொத்தனார் தேவை. குளிர்ந்து தெரியும் திட்டு ஓதமா, விட்டுப்போன பூச்சா, முந்தைய ஒட்டு வேலையா என்று படம் மட்டும் சொல்லாது. தட்டிப் பார்த்தும், ஈரமானி வைத்தும்தான் முடிவு செய்ய வேண்டும். பளபளக்கும் தகரக் கூரையில் படம் ஏமாற்றும். அந்தத் தகரம் தன் சூட்டைக் காட்டாமல் எதிரே உள்ளதன் சூட்டைப் பிரதிபலிக்கும்.

செலவைப் பற்றிய கவலை நியாயமானது. கைப்பேசியில் பொருத்தும் சிறு கேமராவே சில பத்தாயிரம் ரூபாய். தொழில்முறைக் கருவி லட்சங்களைத் தொடும். ஒரு குடும்பமோ ஒரு சிற்றூராட்சியோ இதை வாங்கத் தேவையில்லை. ஒன்றியத்துக்கு ஒன்று இருந்து, பயிற்சி பெற்ற ஒரு பொறியாளர் அதை ஊர் ஊராகக் கொண்டு போனால் போதும். துணை மின்நிலையங்களில் சூடேறும் இணைப்புகளைக் கண்டறிய மின்துறையினர் இதே வகைக் கேமராவைப் பயன்படுத்துகிறார்கள். மின்கம்பிக்கு எடுக்கும் அக்கறையை வகுப்பறைக் கூரைக்கு எடுக்காமலிருக்கக் காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, கூரை ஈரம் வைத்திருக்க, வெயிலும் திரும்பியிருக்கும் ஜனவரிதான் இந்தச் சோதனைக்கு ஏற்ற மாதம். ஜனவரி 26-ல் கிராம சபை கூடுகிறது. பள்ளி, அங்கன்வாடி, தொகுப்பு வீடு எல்லாவற்றின் கூரையையும் ஆண்டுதோறும் இப்படிச் சோதித்து, முடிவை ஊராருக்கு எழுத்தில் தர வேண்டும் என்று பெற்றோர்கள் அன்றே தீர்மானம் கொண்டுவர வேண்டும்.