ஒரு செஸ்னா ஓட்டத் தெரிஞ்சா எல்லா குட்டி விமானத்தையும் ஓட்டலாமா?

2025 நவம்பர் 13 அன்று சேலத்திலிருந்து கிளம்பிய செஸ்னா பயிற்சி விமானம் ஒன்று, புதுக்கோட்டை மாவட்டம் கீரனூர் அருகே திருச்சி நெடுஞ்சாலையில் அவசரமாக இறங்கியது. உள்ளே இருந்தவர்கள் உயிர் தப்பினர். இப்படி ஒரு நெருக்கடியில் பைலட்டின் கை சொல்வதை விமானம் எந்தளவு கேட்கும்? அது ரகத்துக்கு ரகம் மாறுமா?

கைப்பிடி எப்படி வேலை செய்கிறது?

பெரிய ஜெட் விமானங்களில் ஹைட்ராலிக் விசை உதவிக்கு வரும். செஸ்னா 172-ல் அதெல்லாம் கிடையாது. பைலட்டின் கைக்கும், இறக்கையிலும் வாலிலும் உள்ள அசையும் பலகைகளுக்கும் நடுவே இருப்பது கம்பி வடம்தான். அந்தப் பலகைகளில் காற்று மோதும் அழுத்தமே விமானத்தைத் திருப்புகிறது. வேகம் பாதியானால் அழுத்தம் கால் பங்காகிவிடும். அதனால் மெதுவாகப் பறக்கும்போது கைப்பிடி 'லூஸ்' ஆன மாதிரி இருக்கும். நிறைய அசைத்தால்தான் கொஞ்சம் திரும்பும்.

ரகத்துக்கு ரகம் என்ன வித்தியாசம்?

செஸ்னா 172-க்கு இறக்கை தலைக்கு மேலே. இறங்குவதற்காக ஃபிளாப்பை விரித்தால் மூக்கு மேலே எழும்பும், அதைத் தள்ளி அடக்க வேண்டும். பைப்பர் செரோகிக்கு இறக்கை கீழே. வேகம் கூடுதலாக இருந்தால், ஓடுதளத்தைத் தொடாமல் மிதந்துகொண்டே போகும். டைமண்ட் டிஏ40-ல் ஸ்டீயரிங் போன்ற பிடிக்குப் பதிலாக, கால்களுக்கு நடுவே ஸ்டிக் இருக்கும்.

1958-ல் முதன்முதலில் பறந்த எச்.ஏ.எல். புஷ்பக் இன்னொரு ரகம். நம் நாட்டு ஃபிளையிங் கிளப்புகளில் பலர் பழகிய இந்த விமானத்துக்குச் சின்ன சக்கரம் வாலில் இருக்கும். தரையில் ஓடும்போது லேசாகத் திரும்பினாலும் வால் சுற்றிக்கொண்டு முன்னே வரப் பார்க்கும். விமானம் நிற்கும்வரை காலை ரடர் பெடலிலிருந்து எடுக்க முடியாது.

அதே விமானம் வேறு மாதிரி நடந்துகொள்ளுமா?

ஆமாம். பின் சீட்டில் ஆட்களும் லக்கேஜும் ஏறினால் எடையின் மையம் பின்னால் நகரும். லேசாக இழுத்தாலே மூக்கு தூக்கும். வரம்பைத் தாண்டிவிட்டால், சுழலத் தொடங்கிய விமானத்தை மீட்கவே முடியாமல் போகலாம். கிளம்பும் முன் எடைக் கணக்கு போடுவது இதனால்தான்.

உயிருக்கு ஆபத்து எங்கே?

இன்ஜின் நின்றதும் தரை நெருங்குவதைப் பார்த்து கை தானாகப் பின்னால் இழுக்கும். அதுதான் தப்பு. மூக்கு உயர்ந்தால் வேகம் குறையும், கடைசியில் இறக்கை தூக்குவிசையை இழக்கும். இதுதான் 'ஸ்டால்'. மூக்கைத் தாழ்த்தி வேகத்தைக் காப்பாற்றினால் மட்டுமே கைப்பிடிக்கு உயிர் இருக்கும். செஸ்னா 172எஸ்-க்கு அந்த வேகம் சுமார் 68 நாட், அதாவது மணிக்கு 126 கி.மீ. காற்று குறுக்கிடாவிட்டால், 1,000 அடி உயரத்திலிருந்து சுமார் இரண்டரை கி.மீ. தூரம் சறுக்கி வரலாம். வயலா, ரோடா என்று தேர்வு செய்ய அவ்வளவுதான் இடம்.

எனவே, புது ரகத்தில் ஏறும் பைலட் எத்தனை மணி நேரம் பறந்தவராக இருந்தாலும், பயிற்றுநருடன் போதுமான உயரத்துக்குப் போய், மெதுவாகப் பறப்பதையும் ஸ்டாலிலிருந்து மீள்வதையும் முதலில் பழக வேண்டும். எந்த வேகத்தில் கைப்பிடி தளர்கிறது என்பதை அங்கேயே தெரிந்துகொண்டால், தரைக்கு அருகே தடுமாற வேண்டியிருக்காது.