சுவையற்ற பத்தியும் சோர்விலா வாசிப்பும்

தேர்வுக்கூடத்தில் வினாத்தாளைப் புரட்டுகிறோம். ஏரிகளின் அமைப்பைப் பற்றிய ஓர் உரைப்பத்தி கண்ணில் படுகிறது. விழிகள் வரிகளின்மேல் ஓடுகின்றன. இறுதி வரியை எட்டியதும், படித்தது ஒன்றும் மனத்தில் நிற்கவில்லை என்பது புலப்படுகிறது. மீண்டும் முதல் வரிக்குச் செல்கிறோம். இது அறிவுக் குறைவின் அடையாளம் அன்று. நன்கு பயிலும் மாணவர்க்கும் நேர்வதே.

எனினும், இதனால் விளையும் இழப்பு சிறிதன்று. தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களில் இளநிலைப் படிப்பில் சேர எழுதப்படும் பொதுச் சட்ட நுழைவுத் தேர்வை எடுத்துக்கொள்வோம். அதில் 120 வினாக்களுக்கு 2 மணி நேரத்தில் விடையளிக்க வேண்டும். வினாக்கள் நீண்ட பத்திகளை ஒட்டியே அமைகின்றன. வினாவிற்கு ஒரு நிமிடம் என்னும் கணக்கில், பத்தியைப் படிக்கும் நேரமும் அடக்கம். தவறான விடைக்குக் கால் மதிப்பெண் குறைக்கப்படும். ஒரே பத்தியை மும்முறை படிப்பவர், அறிந்த விடையைக் குறிக்கவும் நேரமின்றித் தவிப்பார்.

சலிப்பின் பிறப்பிடம்

கதையைப் படிக்கும்போது, 'அடுத்து என்ன நிகழும்?' என்னும் வினாவை ஆசிரியரே நம்முள் எழுப்பிவிடுகிறார். தகவல் தரும் பத்தியிலோ அவ்வினாவை நாமே எழுப்பிக்கொள்ள வேண்டும். வினா இல்லாத மனத்திற்கு வேலை இல்லை. வேலையற்ற மனம் வெளியே உலவச் செல்கிறது. ஆர்வம் பிறந்தபின் படிக்கலாம் எனக் காத்திருத்தல் பயன் தராது. வினவிப் படித்தால் ஆர்வம் பின்தொடரும்.

ஓர் எடுத்துக்காட்டு

'ஏரிக்கரையில் மதகும் கலிங்கும் அமைக்கப்படுகின்றன. பாசனத்திற்கு வேண்டிய நீர் மதகின் வழியே திறந்துவிடப்படுகிறது. கொள்ளளவை மிஞ்சிய நீர் கலிங்கின் வழியே வழிந்தோடுகிறது. கலிங்கின் மட்டம் கரையின் மட்டத்தைவிடத் தாழ்வாக இருக்கும்.'

வெறுமனே படித்தால் இவை நான்கு செய்திகள். 'கலிங்கு ஏன் தாழ்வாக இருக்க வேண்டும்?' என்று வினவுங்கள். இரண்டும் ஒரே உயரத்தில் இருந்தால், பெருமழையில் நீர் மண்கரையின் மீதேறி வழியும். கரை அரிக்கப்பட்டு உடையும். ஊருக்குள் வெள்ளம் புகும். இப்போது அந்த வறண்ட வரிக்குள் ஓர் ஊரின் பாதுகாப்பு தெரிகிறது. 'மிகைநீர் மதகின் வழியே வெளியேறுகிறது' என்னும் தவறான விடைக்குறிப்பும் இனி நம்மை ஏமாற்றாது.

கைக்கொள்ள வேண்டியவை

முதலில் வினாக்களை ஒருமுறை பார்த்துவிட்டுப் பத்திக்கு வருதல் நன்று. தேட வேண்டியது எது என்பது தெளிவாகும். ஆனால், எனினும், ஆகவே, ஏனெனில் போன்ற இணைப்புச் சொற்களில் சற்றே நின்று செல்லுங்கள். கருத்து திரும்பும் இடங்கள் அவையே. ஒவ்வொரு கருத்தும் முடிந்தவுடன் அதன் சாரத்தை இரண்டு மூன்று சொற்களில் மனத்திற்குள் சொல்லிப் பாருங்கள். சொல்ல இயலவில்லையெனில் கவனம் சிதறியுள்ளது எனக் கொள்ளலாம். அப்போது முதல் வரிக்கு ஓட வேண்டியதில்லை. நினைவில் நிற்கும் கடைசி வரியிலிருந்து தொடர்ந்தால் போதும். தன்னை நொந்துகொள்வதிலும் நேரம் கழியும் என்பதை மறவாதீர்கள்.

இப்பழக்கம் தேர்வு நாளில் திடீரென வந்துவிடாது. நாள்தோறும் நமக்கு விருப்பமில்லாத துறையைச் சார்ந்த ஒரு செய்திக் கட்டுரையைப் பத்து நிமிடங்கள் இவ்வாறு படித்துப் பழகலாம்.

தேர்வு சில மணி நேரத்தில் முடிந்துவிடும். சுவையற்ற எழுத்துகள் வாழ்நாள் முழுவதும் வரும். நிலப்பத்திரம், கடன் ஒப்பந்தம், மருந்துடன் வரும் குறிப்புத்தாள் ஆகியன எவரையும் மகிழ்விக்க எழுதப்பட்டவை அல்ல. ஆயினும், அவற்றில் நாம் தாண்டிச் சென்ற ஒரு வரி, குடும்பத்தின் நிலத்தையோ நலத்தையோ பறித்துவிடக்கூடும். வினவிப் படிக்கக் கற்றவர் கையெழுத்திடும் முன் அவ்வரியைக் கண்டுகொள்வார்.